'மாத்திடலாம் சார்' என்று சொல்வதற்கு முன்னால்: ஓபிடி ஸ்கேனருடன் பல வருட அனுபவம்

வாரன்டி முடிந்த கார் வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் தவறாமல் வாங்கச் சொல்லும் பொருட்கள் இரண்டு. இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதை போனில் காட்டும் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர், வோல்ட் அளக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு தடவை சர்வீஸுக்கு விடும் செலவில் பாதிகூட ஆகாது. எங்களுடையது 2014 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். தாம்பரத்து வெயிலிலும் மழைத் தண்ணீரிலும் இத்தனை வருடம் ஓடிய கார். ஸ்கேனர் காரைச் சரிசெய்து கொடுப்பதில்லை. ஆனால் மெக்கானிக் ஒரு பார்ட்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால், 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கும் தெம்பு அதனால்தான் வந்தது. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் இப்போதெல்லாம் காரை ஒரு இடத்தில் விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பிஎஸ்4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கட்டாயமானது. ஆகவே அதற்குப் பிறகு வந்த கார் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம், 16 பின் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். ஸ்கேனரை அதில் சொருகி, சாவியைத் திருப்பி, போனில் ஆப்பைத் திறந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோடுகளும் (code, அதாவது கோளாறைக் குறிக்கும் எண்கள்), ஓடிக்கொண்டிருக்கும்போதே சென்சார்கள் காட்டும் அளவுகளும் தெரியும்.

சந்தையில் கிடைக்கும் மலிவு ஸ்கேனர்கள் பெரும்பாலும் இஎல்எம்327 என்ற பெயரில் வருபவை. அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப். அந்த நிறுவனம் 2022-ல் கடையை மூடிவிட்டது. நமக்குக் கிடைப்பவை அநேகமாக நகல்கள். அவற்றிலும் 2.1 என்று அச்சிட்டு வருபவை பலவற்றில் சில கட்டளைகள் வேலை செய்யாது. 1.5 என்று வருபவை பரவாயில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் புளூடூத் எல்இ அல்லது வைஃபை உள்ளதைத்தான் வாங்க வேண்டும், பழைய புளூடூத் சேராது. ஆப் என்று பார்த்தால் ஆண்ட்ராய்டில் டார்க் ஆப்பை நீண்ட நாள் வைத்திருந்தேன், இப்போது கார் ஸ்கேனர் ஆப். இரண்டுமே நன்றாக இருக்கின்றன. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிட வேண்டும். அந்த சாக்கெட்டுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக கரன்ட் வருகிறது. வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது செல்ஃப் எடுக்காமல் போகலாம்.

சரி, இது எப்படிப் பணத்தைக் காப்பாற்றுகிறது?

ஒரு மழைக்காலம். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் குலுங்க ஆரம்பித்தது, பிக்கப் இல்லை, செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இந்த விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதையும் கெடுத்துவிடும், அதனால் உடனே ஓரங்கட்டுவதுதான் சரி. அருகில் இருந்த ஒரு கராஜில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாலையும் மாற்ற வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் ஈசியூவை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றதற்கு, 'இந்த மாடல்ல இதுதான் சார் வரும்' என்று பதில் வந்தது.

என் ஸ்கேனரில் விழுந்திருந்த கோடு பி 0302. பி 0300 என்றால் எந்த சிலிண்டர் என்று குறிப்பில்லாத மிஸ்ஃபயர். கடைசி எண் 2 என்றால் இரண்டாவது சிலிண்டர். இன்ஜெக்டர் நாலும் ஒரே நேரத்தில் கெட்டிருந்தால் கம்ப்யூட்டர் ஏன் ஒரு சிலிண்டரை மட்டும் சொல்கிறது? வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் காரை எடுத்துப் போனேன். அவர் போனைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மார்க்கர் எடுத்து, பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் காயில்களில் இரண்டாவதன் மேல் 2 என்றும் மூன்றாவது மேல் 3 என்றும் எழுதினார். காயில் ஒன்றுக்கு ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, பழைய கோடை அழித்து, ஸ்டார்ட் செய்து காத்திருந்தோம். மறுபடியும் விளக்கு வந்தபோது கோடு பி 0303. காயில் போன இடத்துக்குக் கூடவே கோளாறும் போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் காயிலின் ரப்பர் உறையில் முடி கனத்துக்கு ஒரு கரிக்கோடு. அந்த வழியாக ஸ்பார்க் கசிந்திருக்கிறது. ஒரு காயில், பத்திரத்துக்கு ஸ்பார்க் பிளக் ஒரு செட், லேபர் சேர்த்தும் இன்ஜெக்டர் எஸ்டிமேட் பக்கத்தில் வராத தொகை.

கோடு இடம் மாறாமல் பி 0302 என்றே மறுபடி வந்திருந்தால், அடுத்து பிளக்கை இதே மாதிரி மாற்றிப் பார்த்திருப்போம். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன். புதிதாக ஒரு பார்ட்கூட வாங்காமல் இத்தனையையும் சோதித்துவிடலாம்.

கோடின் பெயரைக் கேட்டதும் பார்ட்டை மாற்றிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மச்சான் காரில் பி 0171 வந்தது, கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். கராஜில் ஃப்யூயல் பம்ப் போய்விட்டது என்றார்கள். அப்படியும் இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் டிரிம் என்ற அளவு அதைச் சோதித்துச் சொல்லிவிடும். நல்ல இன்ஜினில் அது பூஜ்ஜியத்தை ஒட்டி, ஏறக்குறைய கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் நிற்கும். மச்சான் காரில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, கூட்டல் 20-ஐத் தாண்டி நின்றது, ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் சாதாரண அளவுக்கு இறங்கிவிட்டது. பம்ப் பலவீனம் என்றால் இதற்கு நேர்மாறாக, வேகமும் லோடும் ஏற ஏற மோசமாக வேண்டும். ஐடிலில் மட்டும் மோசம் என்றால் எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே எடுக்கும் பிசிவி ஹோஸின் அடிப்பக்கத்தில், வளைத்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில், வெடிப்பு இருந்தது. இந்தச் சோதனை, உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில்தான் இவ்வளவு தெளிவாக வரும். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள கார்களில் காற்றுக் கசிவு இருந்தால் ஐடில் ஆர்பிஎம் தானாக ஏறி நிற்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

பி 0420 வந்தாலும் இப்படித்தான், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போச்சு என்று பெரிய பில் போட்டுவிடுவார்கள். கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் கிராஃபை ஆப்பில் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அது ஏறக்குறைய நிலையாக நின்றால் கன்வர்ட்டரைச் சந்தேகிக்க அவசரப்பட வேண்டாம். கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் போலவே மேலும் கீழும் ஆடினால் விஷயம் உண்மை. அதற்கு முன் சைலன்சர் ஜாயின்ட்டில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

மல்டிமீட்டரின் உபயோகம் பேட்டரியில்தான். காலையில் செல்ஃப் இழுக்கவில்லை, 'டைனமோ சார்ஜ் பண்ணலை' என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னார். ஆல்டர்நேட்டரைத்தான் இங்கே இன்னும் டைனமோ என்கிறார்கள். இரவு முழுக்க நின்ற காரின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. எங்கள் காரில் 14.2 வந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கட்டையிலும் மறு முனையை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு மனைவியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகங்கள், அங்கே கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தான் வர வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கிளாம்பைக் கழற்றினால் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாஸ்லின் தடவி மாட்டினோம், பிரச்சினை முடிந்தது. புது கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே டைனமோவைக் கட்டுப்படுத்துவதால் 14 வோல்ட்டுக்குக் குறைவாகவும் காட்டும். அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனை புகழ்ந்தாலும், ஸ்கேனரால் ஒன்றும் செய்ய முடியாத இடங்களில்தான் அதிகம் ஏமாற்றப்படுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரேக், சஸ்பென்ஷன், ஏசி.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் கார் விட்டிருந்தபோது அட்வைசர் போன் செய்தார். 'சார், ஃப்ரன்ட் பிரேக் பேட் எண்பது பர்சென்ட் போயிடுச்சு, மாத்திடலாமா?' 'எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்குன்னு அளந்து, ஒரு போட்டோ அனுப்புங்க தம்பி' என்றேன். கொஞ்ச நேரம் கழித்து வந்த போட்டோவில் ஸ்கேலுக்குப் பக்கத்தில் பேட், உராயும் பகுதி ஆறு மில்லிமீட்டருக்கு மேல். புதிய பேடில் அது பத்தை ஒட்டி இருக்கும், இரண்டு மூன்றுக்கு வந்தால் மாற்றுவது வழக்கம். 'அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம் சார்' என்று அவரே சொல்லிவிட்டார். பர்சென்ட் என்பது வாயால் சொல்வது. மில்லிமீட்டர் என்றால் சக்கரத்தைக் கழற்றி ஒருவர் பார்த்தாக வேண்டும்.

ஸ்பீடு பிரேக்கரில் 'டக் டக்' என்று சத்தம் வந்தபோது ஸ்டியரிங் ரேக்கை மாற்றச் சொன்ன இடமும் உண்டு. எங்கள் மெக்கானிக் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். பிறகு சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க் ராடு இரண்டையும் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்று. சத்தம் இல்லை. லிங்க் ராடு ரேக் விலையில் ஒரு சிறு பங்குதான். சத்தம் என்றால் வாயால் விவரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது, கூடவே உட்கார்ந்து காட்ட வேண்டும்.

கோடை வந்தால் ஏசி. 'கேஸ் தீர்ந்துடுச்சு, ஃபில் பண்ணிடலாம்' என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் போல எரிந்து தீர்கிற சமாச்சாரம் இல்லை அது. பல வருடத்தில் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் குறையலாம். ஒரே கோடையில் கூலிங் போகிறது என்றால் லீக் இருக்கிறது. நைட்ரஜன் அடித்து சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்து, ஓட்டையைக் காட்டிவிட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வருடா வருடம் அந்தக் கடைக்கு நாம் மொய் எழுதுவதுதான் நடக்கும்.

இவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்களா? அப்படி நான் நினைக்கவில்லை. பாதிக்கு மேல் அவசரம். வாசலில் வரிசையாகக் கார்கள் நிற்க, போன மாதம் இதே மாடலில் என்ன போனதோ அதையே முதலில் மாற்றிப் பார்க்கிறார்கள். சோதித்துப் பார்ப்பதற்கு நாமும் காசு கொடுப்பதில்லை. பார்ட் மாற்றினால்தான் லேபர் கொடுக்கிறோம். இதனால்தான் காயிலை இடம் மாற்றிப் பார்த்த அந்த அரை மணி நேரத்துக்குத் தனியாகக் கூலி கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், கையில் வைத்துவிட்டு வந்தேன். கோளாறைக் கண்டுபிடிப்பது தனி வேலை, அதற்குக் கூலி உண்டு என்று நாம் ஒப்புக்கொள்ளாதவரை நல்ல மெக்கானிக்குகளுக்கும் பொறுமையாகப் பார்க்க வழி இல்லை.

வேண்டுமென்றே ஏமாற்றுபவர்களுக்கு வேறு வழி. ஜாப் கார்டில் 'இன்ஜின் செக்கப்' என்று எழுத விடாமல் நீங்கள் சொன்ன அறிகுறியை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டைத் தாண்டினால் போன் செய்யாமல் எதையும் தொடக் கூடாது என்று அதிலேயே குறியுங்கள். கழற்றிய பார்ட்டையும் புதியது வந்த டப்பாவையும் கேட்டு வாங்குங்கள், டப்பாவில் எம்ஆர்பி இருக்கும். கோடை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று, கோளாறு விழுந்த நொடியில் இருந்த சூடு, வேகம், ஆர்பிஎம் எல்லாம் கூடவே பதிவாகியிருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்போது இந்தக் காகிதங்கள்தான் உதவும்.

பழைய கார் வாங்கும் நண்பர்களோடும் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போகிறேன். 'கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்' என்று ஒரு அளவு உண்டு. அது மிகக் குறைவாக இருந்து, ரெடினஸ் மானிட்டர்களும் (கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) பாதி முடியாமல் இருந்தால், விற்பதற்கு முன் யாரோ விளக்கை அணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினாலும் இப்படித்தான் காட்டும், அதனால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி காட்டுங்கள் என்று கேட்பது நியாயம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில் இன்னொரு சோதனையும் தேவை: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து சேற்றுத் தடம் இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் ரெயில் துருப்பிடித்திருக்கிறதா, ஓபிடி சாக்கெட்டின் பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது.

இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளையும் படிக்கும் ஸ்கேனராகப் பார்த்து வாங்குவேன். மலிவு வகைகளில் பல இன்ஜினோடு நின்றுவிடுகின்றன, எங்களுடையதும் அப்படித்தான். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் இன்னும் வேறொருவர் ஸ்கேனரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அப்போதும் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லி, கோடு எண்ணைக் குறித்துக்கொண்டுதான் வருகிறேன்.