பூர் துவாசானா, மொரியேனா? ஆல்ப்ஸ்ல சைக்கிள் ஓட்ட எங்க ரூம் போடலாம்

ஃபிரெஞ்சு ஆல்ப்ஸ்ல ரோட் சைக்கிள் ஓட்டப் போறவங்க முக்காவாசி பேரு கண்ண மூடிக்கிட்டு பூர் துவாசான்லதான் ரூம் போடுவாங்க. நான் மலைக்கு அந்தப் பக்கம் மொரியேன் பள்ளத்தாக்குல, சான்-ஜான் ஊர்ல தங்கினேன். திரும்பப் போனாலும் அங்கதான், அதனால இது நடுநிலையா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

பூர் துவாசான் பெருமை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஊரைத் தாண்டினதும் ஆல்ப் துவேஸ் ஏத்தம், 13.8 கிலோமீட்டர், சராசரி 8 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் டூர் டி பிரான்ஸ்ல அங்க ஜெயிச்சவங்க பேர் போட்ட பலகை (முதல்ல ஜெயிச்ச ஆள் இத்தாலிக்காரர் கொப்பி, 1952). சைக்கிள் கடை, வாடகைக் கடை எல்லாம் அங்க தாராளம். அழகுலயும் அந்தப் பக்கம் ஒரு படி மேலதான், லா கிராவ்ல நின்னு நிமிர்ந்து பார்த்தா 3,900 மீட்டரைத் தாண்டின மேஜ் சிகரம் பனியோட அப்படியே எதிர்ல நிக்கும். ஆனா அங்க போற லோட்டரே கணவாய் ரோட்டுல டனலுக்குள்ள கார், வேன்கூட சேர்ந்து ஓட்டணும், லைட் இல்லாம போகவே கூடாது. 2015ல மலை சரியுற ஆபத்தால அதுல ஷாம்போன் டனலையே மூடிட்டாங்க, டூர் டி பிரான்ஸே கலிபியே கணவாயை விட்டுட்டு க்ருவா த ஃபேர் கணவாய் வழியா சுத்திப் போச்சு.

மொரியேன் அடிவாரம் அழகுன்னு சொன்னா பொய். ஆர்க் ஆறு, ரயில் பாதை, ஏ43 மோட்டார்வே, அலுமினியம் ஃபேக்டரி எல்லாம் ஒரே இடுக்குல நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும். அந்த மோட்டார்வேயாலயே ஒரு நல்லதும் இருக்கு, இத்தாலி போற லாரியெல்லாம் பெரும்பாலும் அதுல போயிடுது.

சரி, அப்புறம் ஏன் மொரியேன்? ரயில். எனக்கு இந்த ஒண்ணே போதும். ஒரே லைன்ல நாலு ஸ்டேஷன், முதல் மூணுலயும் இறங்கின உடனே ஏத்தம்தான். லா ஷாம்ப்ர்ல இறங்கினா மட்லென், கிளாந்தோன் கணவாய்கள். சான்-ஜான்ல க்ருவா த ஃபேர், பக்கத்துலயே மோவெர்னியே வளைவுகள், வெறும் 3.4 கிலோமீட்டர்தான், கால் அசதியா இருக்குற நாளுக்கு சரியா இருக்கும். சான்-மிஷேல்ல டெலிகிராஃப் கணவாய் ஏறி, வல்வார் ஊருக்குக் கொஞ்சம் இறங்கி, மறுபடி 18 கிலோமீட்டர் ஏறினா கலிபியே, 2,642 மீட்டர், கடைசி எட்டு கிலோமீட்டர்ல தொடை ரெண்டும் கெஞ்சும். மொதான்ல இறங்கினா மோன் செனி, இசெரான் கணவாய்கள் பக்கம் போகலாம். லோக்கல் டிஇஆர் ரயில்ல சைக்கிளைக் கழட்டாம அப்படியே ஏத்திக்கலாம், இடம் இருக்குற வரைக்கும்.

இதோட அருமை சாயங்காலம்தான் புரியும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி காத்து மேல எழும்பும், அந்த இடத்தை நிரப்ப கீழ இருந்து பள்ளத்தாக்கு வழியா காத்து மேல் நோக்கி வீசும். அதனால மத்தியானத்துக்கு மேல ஊருக்குத் திரும்புறப்போ ரோடு இறக்கம்தான், ஆனாலும் எதிர்காத்துல மிதிச்சுக்கிட்டேதான் வரணும். கலிபியே ஏறி இறங்கின காலோட சான்-மிஷேல்ல இருந்து சான்-ஜானுக்கு அப்படி மல்லுக்கட்டுறதுக்கு, பிளாட்ஃபாரத்துல உக்காந்து ரொட்டியைக் கடிச்சுக்கிட்டு ரயிலுக்குக் காத்திருக்கலாம். பூர் துவாசான்ல ரயிலே கிடையாது, கிரெனோபிள்ல இருந்து பஸ்தான், லோட்டரேல இருந்து திரும்பறப்போ அங்கயும் இதே காத்து, அதைத் தப்பிக்க வழி இல்ல.

ரயிலை நம்புறதுலயும் ஒரு ரிஸ்க் இருக்கு. 2023 ஆகஸ்ட்ல சான்-மிஷேலுக்கும் மொதானுக்கும் நடுவுல பாறை சரிஞ்சு, லைன் திரும்பத் திறக்க 2025 மார்ச் கடைசி ஆயிடுச்சு. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கோங்க. மழை பிடிச்சா எந்தப் பக்கம் தேவலாம்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, எனக்கு வானம் நல்லாவே இருந்துச்சு. இசெரானும் நான் ஏறினதில்ல, மேப்ல பார்த்த ஆசைதான்.

ஆல்ப் துவேஸ் ஏறி அந்தப் பலகையோட ஒரு போட்டோ எடுத்தா போதும்ங்கிறவங்க, சொந்தக் கார் வச்சிருக்கிறவங்க, தாராளமா பூர் துவாசான் போங்க. எங்க தங்கினாலும் ஜூன் பாதிக்கு முன்னாடி ரூம் போடாதீங்க, கலிபியேல பனி அள்ளி ரோடு திறக்கவே சில வருஷம் ஜூன் ஆயிடும்.