ஜிம்னி பின்கதவில் மேஜை மாட்டப் போகிறீர்களா? பேனலை மூடும் முன் ஒருமுறை உள்ளே பாருங்கள்

கோவைப் பக்கம் மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் மாதிரி ஜீப் வைத்திருக்கும் யாராவது பின்கதவில் மடக்கு மேஜை மாட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். 14,500 ரூபாய், ஒரு கணுக்கால் கொப்புளம், ஓடாத பின் வைப்பர், இவ்வளவும் எனக்குச் செலவு. கடைப் பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம், புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை சொல்வதாக இல்லை.

தெரியாதவர்களுக்காக: என் வண்டி ஜிம்னி, அதன் பின்கதவு மேலே தூக்காது, பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னியும் அதிலேதான் தொங்கும். கதவின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பேனல். அதன்மேல் கீல் வைத்து ஒரு தகட்டை மாட்டி எடையைத் தாங்க இரண்டு பக்கமும் வயர் கட்டிவிட்டால், இறக்கினால் மேஜை, மடக்கினால் கதவோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்பு வைக்கலாம், காய் நறுக்கலாம். பார்க்க அவ்வளவு எளிது, அதனால்தான் ஏமாறுவதும் எளிது.

ஏப்ரலில் ஒரு ரீல்ஸ் பார்த்து, இந்த மேஜையைச் செய்து மாட்டித் தரும் ஒரு கடைக்குப் போனேன். 60-க்கு 40 சென்டிமீட்டர் அளவு, 3 மில்லிமீட்டர் அலுமினியம், துருப்பிடிக்காத எஸ்.எஸ். கீல், கறுப்பு பவுடர் கோட்டிங், 25 கிலோ தாங்கும், பத்து நாளில் ரெடி என்றார்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பினார்கள். (அவர்கள் சொன்னதற்கு இன்று என்னிடம் இருக்கும் ஒரே எழுத்து ஆதாரம் அந்த மெசேஜ்தான்.) பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 பர்சென்ட் சேர்ந்துரும்ணா, எதுக்கு உங்களுக்கு வீண் செலவு" என்றார் கடைக்காரர். எனக்கும் ஆசைதான், சரி என்றுவிட்டேன். 7,000 அட்வான்ஸ் கடைக் கணக்குக்குப் போகவில்லை, யாரோ ஒருவர் பெயர் காட்டிய ஜிபே நம்பருக்குப் போனது. அப்போதே ஏதோ உறுத்தியது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

பத்து நாள் ஐந்து வாரம் ஆனது. முதலில் தகடு வரவில்லை, அப்புறம் கோட்டிங் ஆள் ஊருக்குப் போய்விட்டார், அப்புறம் கரண்ட் இல்லை. ஒரு வழியாக மே கடைசியில் வண்டியை விடச் சொன்னார்கள். "நீங்க எதுக்கு வெயில்ல உக்காந்துட்டு, வீட்டுக்குப் போங்க ப்ரோ, சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்றார். போய்விட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

சாயங்காலம் பார்த்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. மேஜையை இறக்கி, ஒரு எவர்சில்வர் தட்டும் டபராவோடு ஒரு டம்ளர் காபியும் வைத்து, சாயும் வெயிலில் அவர்களே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் முதல் சனிக்கிழமை வால்பாறை. ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே பின்னால் டக் டக் டக் என்று ஒரு சத்தம். ஜாக்கிதான் ஆடுகிறது என்று நினைத்தேன். அட்டகட்டியில் இறங்கிப் பார்த்தால் மேஜை, அடிக்கும் குலுக்கலில் பேனலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. கையால் அழுத்தினால் பேனலே உள்ளே போய் வருகிறது. 40 கொண்டை ஊசி வளைவும் அந்தச் சத்தத்தோடுதான். வால்பாறை போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, பின் வைப்பரைப் போட்டால் ஓடவில்லை.

தெரிந்தவரின் எஸ்டேட் ஷெட்டில் வண்டியை நிறுத்தி மதியம் சமையல். (காட்டுக்குள் அடுப்புப் பற்ற வைக்கிற ஆள் நான் இல்லை.) ஒற்றை அடுப்பு, அதன்மேல் அரைக் குக்கர் சோறு, எல்லாம் சேர்த்து ஏழு கிலோ வராது. விசில் வருவதற்குள் இடது பக்க வயர் ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மேஜை ஒரு பக்கமாகச் சரிய, அடுப்பும் குக்கரும் கீழே. மூடி திறந்துகொள்ளவில்லை, அது என் நல்ல நேரம், ஆனால் வெயிட் போடும் இடத்தில் பீய்ச்சிய கஞ்சி என் கணுக்காலில் பட்டுக் கொப்புளம் போட்டது. என் மகள் அதே பக்கம் நின்றுகொண்டிருந்தவள், ஒரு நிமிடம் முன்னால்தான் தட்டு எடுக்கப் போயிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

திங்கட்கிழமை கடைக்குப் போன் செய்தேன். அட்வான்ஸ் வாங்கும்வரை "அண்ணா", வேலை நடக்கும்போது "ப்ரோ", இப்போது "சார்". "சார், நீங்க ஓவர்லோடு பண்ணிட்டீங்க." ஏழு கிலோ எப்படி ஓவர்லோடு, 25 கிலோ என்று எழுதிக் கொடுத்தீர்களே என்றால், "அது பரவலா வெக்கிற வெயிட்டு சார்." அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பேனலைக் கழற்றியதும் ஒன்றும் பேசவில்லை, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேஜையைத் தாங்கிய எட்டு செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவில் ஆறு வெறும் பிளாஸ்டிக்கில்தான் நின்றன, பின்னால் பட்டையும் இல்லை, வாஷரும் இல்லை. மீதி இரண்டு கதவுத் தகட்டைத் துளைத்துப் போனவை. அதில் ஒன்று வைப்பர் மோட்டாருக்குப் போகும் வயரின் தோலைக் கிழித்து பாடியோடு சேர்த்துவிட்டிருந்தது, ஃபியூஸ் போனதற்குக் காரணம் அதுதான். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கம்பெனியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்து, செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். துளை போட்ட இரும்புத் தூள் கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைப் பக்கம் குவிந்து, இரண்டு வாரத்துக்குள் செம்மண் மாதிரி துருவேறிக் கிடந்தது. துளை போட்ட விளிம்பில் ஒரு சொட்டு பிரைமர் கிடையாது. புது வண்டிங்க.

அடுத்து அவர் ஒரு காந்தத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பச்சக் என்று ஒட்டியது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. (எஸ்.எஸ்.-ஐ காந்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், 304 என்கிற நல்ல ரக எஸ்.எஸ். கூட வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். ஆனால் என் கீல் துருப்பிடித்தே விட்டது, அதற்கு டெஸ்ட் எதற்கு.) எடை போட்டோம், மேஜைத் தகடு மட்டும் 3 கிலோ 800. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60-க்கு 40, 3 மில்லி அலுமினியம் என்றால் 2 கிலோகூட வராது. இது 2 மில்லி சாதா இரும்பு. கறுப்பு கோட்டிங் அடித்துவிட்டால் கண்ணால் பார்த்து யாருக்குத் தெரியும்?

ஆனால் இரும்பைவிடப் பெரிய தப்பு வயர் கட்டிய இடம் என்றார். மேஜை 40 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, வயரின் மேல்முனையைக் கீலுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் அடித்திருக்கிறார்கள். துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டி அதில் ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருமே, அதே கதை. விளிம்பில் 10 கிலோ வைத்தால் இரண்டு வயரிலும் சேர்த்து 28 கிலோவுக்கு மேல் இழுக்கும். மேல்முனையை 30 சென்டிமீட்டருக்கு ஏற்றிவிட்டால் அதே எடைக்கு 17 கிலோதான். காசு செலவில்லாத விஷயம், வயர் கொஞ்சம் நீளமாக வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூட யோசிக்காமல் பிளாஸ்டிக்கில் அடித்திருக்கிறார்கள்.

அந்த அண்ணன் ஓட்டைகளைச் சுத்தம் செய்து பிரைமர் அடித்து அடைத்து, கதவின் உள்தகட்டில் கரண்ட் வயர் போகாத இடமாகப் பார்த்து ரிவெட் நட் (தகட்டிலேயே இறுக்கிப் பதிக்கும் நட்) போட்டு, பின்னால் பட்டை வைத்துக் கொடுத்தார், 3,200 ரூபாய். ஒவ்வொரு துளையையும் போடும் முன் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். வைப்பர் வயரிங்குக்கு சர்வீஸ் சென்டரில் 2,850. வெளி ஆள் கை வைத்த வேலை என்று ஜாப் கார்டில் எழுதினார்கள், வாரண்டி கிடையாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

புகாருக்கு 1915-க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் வாட்ஸ்அப் மெசேஜ், ஜிபே ரசீது, கழற்றிய பேனலின் போட்டோக்கள், எடை போட்ட படம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்பது 14,500-ம் ரிப்பேர் செலவும்தான்.

அந்தக் கடை ரீல்ஸ் போடும் பக்கத்தில் இன்னும் என் வண்டி போட்டோதான் முதலில் நிற்கிறது. நம்பர் பிளேட்டை மட்டும் மறைத்திருக்கிறார்கள். தட்டு, டபரா, காபி டம்ளர், ஓரத்தில் சிரித்துக்கொண்டு நான். எடுக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன், மூன்றுக்கும் ப்ளூ டிக் மட்டும் விழுந்திருக்கிறது.