மிட்லாண்ட் டபிள்யூஆர்120 வானிலை ரேடியோ: செட் செய்தால் காவல், விட்டால் தொல்லை

அமெரிக்காவில் டொர்னாடோ எனும் சுழல்காற்று அடிக்கடி தாக்கும் மாநிலங்களில் ஊருக்கு வெளியே குடியிருப்பவர்கள் சைரனை நம்பிப் படுக்கக் கூடாது. அது வெளியில் நிற்பவர்களுக்காக வைத்தது. ஜன்னலைச் சாத்தி, ஏசி ஓடும் அறையில் தூங்குகிறவர் காதுக்கு எட்டும் என்று சொல்ல முடியாது. கைப்பேசி எச்சரிக்கைக்கோ டவர் உயிரோடு இருக்க வேண்டும். கரண்ட் போய், டவரும் படுத்த பிறகு ராத்திரி 2 மணிக்கு ஆளை எழுப்ப மிஞ்சுவது வானிலை ரேடியோதான்: அரசின் வானிலை ஒலிபரப்பை எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்து, எச்சரிக்கை வந்தால் அலறும் பெட்டி. அதற்கு இந்த மேசை மாடல் தாராளமாகப் போதும், ஒழுங்காக செட் செய்தால்.

பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் இடத் தேர்வு ‘எனி’ என்றிருக்கும். அதாவது, டிரான்ஸ்மிட்டர் எல்லைக்குள் எந்தக் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பிரிவு) எச்சரிக்கை வந்தாலும் அலறும். நூறு கிலோமீட்டர் தள்ளி இடி இடித்தாலும் உங்கள் தூக்கம் போகும். பலர் பிளக்கைப் பிடுங்கி அலமாரியில் போடுவது இதனால்தான். குறை ரேடியோவில் இல்லை. மெனுவில் ‘சிங்கிள்’ (ஒரு கவுண்டி) அல்லது ‘மல்டிபிள்’ (பல கவுண்டி) என்று மாற்றி, கவுண்டியை அடையாளம் காட்டும் 6 இலக்க ‘சேம்’ (SAME) கோடைப் பதிய வேண்டும். முதல் இலக்கம் பெரும்பாலும் 0, அடுத்த 2 மாநிலம், கடைசி 3 கவுண்டி. ஓக்லஹோமாவின் கிளீவ்லாண்ட் கவுண்டிக்கு 040027.

25 கோடு வரை இடமிருக்கிறது, ஆனால் நிரப்பாதீர்கள். சொந்தக் கவுண்டி, அதோடு மேற்கிலும் தென்மேற்கிலும் ஒட்டியிருப்பவை, அவ்வளவுதான். டொர்னாடோக்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகர்பவை. 2013 மே 20 அன்று மூர் நகரைத் துடைத்துப்போட்ட இஎஃப்5 (தீவிர அளவுகோலின் உச்சப் படி) டொர்னாடோ, மெக்ளெயின் கவுண்டியின் நியூகாசிலில் தரையைத் தொட்டுத்தான் கிளீவ்லாண்டுக்குள் வந்தது. மெக்ளெயினின் 040087-ஐயும் பதிந்து வைத்திருப்பவருக்கு மேற்கே என்ன வருகிறது என்பது முன்கூட்டியே காதில் விழும். கிழக்குப் பக்கத்துக் கவுண்டியைச் சேர்த்தால் கிடைப்பது, உங்களைக் கடந்துபோன புயலின் சத்தம் மட்டுமே.

அடுத்தது அலைவரிசை. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு சேனல்கள். எது தெளிவாகக் கேட்கிறதோ அதில் நிறுத்திவிடுவது இயல்பு, அங்கேதான் ஏமாறுகிறார்கள். பலமாக ஒலிக்கும் டிரான்ஸ்மிட்டர் உங்கள் கவுண்டிக்கான எச்சரிக்கையையே அனுப்பாததாக இருக்கலாம். கோடு சரி, ஒலி தெளிவு, ஆனால் அலாரம் வராது. எந்த டிரான்ஸ்மிட்டர் எந்தக் கவுண்டிக்கு என்ற பட்டியல் அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் இணையதளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து, அந்தச் சேனல் கரகரத்தாலும் அதையே வையுங்கள். ஆன்டெனாவை முழுக்க இழுத்து ஜன்னலோரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். தகரம் போர்த்திய மொபைல் வீட்டுக்குள் (தொழிற்சாலையில் செய்து இழுத்து வந்து நிறுத்தும் வீடு) சிக்னல் சுருங்கும். பின்பக்க சாக்கெட்டில் வெளி ஆன்டெனா மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். 2007 அக்டோபரிலிருந்து டொர்னாடோ வார்னிங் முழுக் கவுண்டிக்கு அல்ல, வரைபடத்தில் வரைந்த ஒரு பலகோணத்துக்கே தரப்படுகிறது. ரேடியோவுக்குப் பலகோணம் தெரியாது, கவுண்டிதான் தெரியும். கவுண்டியின் ஒரு மூலையில் பட்டாலும் அலறும். ஆகவே அலாரத்தை அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுக்காமல், பின்னால் வரும் குரலில் சொல்லும் ஊர்ப் பெயர்களைக் கேட்க வேண்டும்.

விளக்குகள் மூன்று: சிவப்பு வார்னிங் (ஆபத்து வந்துவிட்டது), ஆரஞ்சு வாட்ச் (வரக்கூடும், தயாராக இருங்கள்), மஞ்சள் அட்வைசரி (அதைவிடத் தணிந்த அறிவிப்பு). மொபைல் வீட்டில் இருப்பவர்களுக்கு முக்கியமானது சிவப்பைவிட ஆரஞ்சு. சிவப்பு எரிந்தபின் பல நேரங்களில் பத்து நிமிடம்கூட மிஞ்சாது. அதற்குள் பிள்ளைகளையும் பெரியவர்களையும் எழுப்பி வண்டியேற்ற முடியாது. ஆரஞ்சு எரியும்போதே கட்டிடமோ ஷெல்ட்டரோ உள்ள இடத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். மொபைல் வீடு எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாலும் பத்திரமான இடமல்ல.

அடாப்டரில் ஓடும், கரண்ட் போனால் 3 ஏஏ பேட்டரி கைகொடுக்கும். பேட்டரியை இந்தப் பெட்டி சார்ஜ் செய்யாது. அல்கலைன் போட்டு, மார்ச்சிலும் நவம்பரிலும் கோடை நேர மாற்றத்துக்காகக் கடிகாரத்தைத் திருப்பும்போது மாற்றிவிடலாம். பழசை உள்ளேயே மறந்தால் கசிந்து முனைகள் பச்சை பூத்துவிடும். பிறகு கரண்ட் போகும் ராத்திரியில்தான் தெரியவரும். ஒவ்வொரு வாரமும், வழக்கமாக புதன் பகலில், சோதனைச் செய்தி வரும். வானிலை மோசமானால் தள்ளிப்போகும். அது திரையில் பதிவாகிறதா என்று பாருங்கள். நாள்கணக்கில் எதுவும் வராவிட்டால் ‘செக் ரிசெப்ஷன்’ என்று காட்டும். அப்போது முதலில் சேனலைப் பாருங்கள், அடுத்து கோடைப் பாருங்கள், ஆன்டெனா கடைசி.

குறை என்றால், அம்புக்குறி பொத்தான்களால் மெனுவில் நடப்பது எரிச்சல். கோடு பதியும்போது அவசரப்பட்டால் ஒரு இலக்கம் தவறிவிடும். வீட்டின் வயதானவர்களிடம் கொடுத்து ‘செட் பண்ணிக்கோங்க’ என்று விட்டுவிட முடியாது. இன்னொன்று, இது மேசையில் இருக்கவே செய்தது. நிலத்தடி ஷெல்ட்டருக்குத் தூக்கிப் போனால் கான்கிரீட்டுக்குள் சிக்னல் குறையும், பேட்டரியும் நீண்ட நேரத்துக்கானதல்ல. கீழே வைக்க, கையால் சுழற்றி சார்ஜ் செய்யும் சின்ன ரேடியோ ஒன்று தனியாக வேண்டும்.