எரிகாய வாட்டு: தம்பியோடு நின்று பார்த்ததை எழுதுகிறேன்

கடைக்கும் ஹோட்டலுக்கும் ரிவியூ எழுதுகிறோம், ஆஸ்பத்திரி வாட்டுக்கு எழுதினால் என்ன? நாங்கள் தம்பியைக் கொண்டுபோனது ஒரு அரச ஆஸ்பத்திரியின் எரிகாயப் பிரிவுக்கு. குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

திருகோணமலைக் கரையில் சின்னப் போட்டுகளின் மண்ணெண்ணெய் என்ஜினை முதலில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணித்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பெற்றோல் தீப்பற்றித் தம்பிக்கு இரண்டு கையும் நெஞ்சும் எரிந்துவிட்டது. பற்பசையோடு ஒருவர் ஓடி வர, தேங்காயெண்ணெயோடு இன்னொருவர் வர, பக்கத்து வீட்டு மாமா இரண்டு பேரையும் ஏசிக் கலைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அதுதான் சரி என்று பிறகு டொக்டர் சொன்னார்: ஓடுகிற சாதாரணத் தண்ணீர் 20 நிமிடம், ஐஸ் வேண்டாம். பட்ட உடனே முடியாவிட்டாலும் 3 மணித்தியாலத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம், வந்தது, காசு கிடையாது.

ஊர் ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது எத்தனை வீதம் எரிந்திருக்கிறது என்பதைத்தான். ஒரு கை 9, மற்றக் கை 9, நெஞ்சுப் பக்கம் 9, ஆக 27 வீதம். சேலைன் கணக்கும் அதிலிருந்துதான் வருகிறது, 4 மில்லிலீற்றரை உடல் நிறையாலும் வீதத்தாலும் பெருக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு முதல் நாளில் சுமார் ஆறரை லீற்றர், அதில் பாதி முதல் 8 மணித்தியாலத்துக்குள், அதுவும் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை, எரிந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். அதனால் சொல்கிறேன், ‘கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம்’ என்று வீட்டில் உட்காராதீர்கள்.

அங்கிருந்து அனுப்பின பிறகுதான் நான் சொன்ன அந்தப் பெரிய எரிகாய வாட்டு, தூரத்தில். எல்லோரும் தோல் ஒட்டின ஆப்பரேஷனைப் பற்றியே கேட்கிறார்கள், நான் முழு மார்க் போடுவது டிரெசிங்குக்கு. பழைய துணியை நனைத்துக் கழற்றி, செத்த தோலை எடுத்து, கழுவி, மருந்து பூசித் திரும்பக் கட்டுகிற வேலை. வலிக்கு ஊசி போட்டுத்தான் செய்வார்கள், அப்படியும் அவன் கத்துவது வெளியில் கேட்கும். அந்தக் கத்தலுக்கு நடுவில் எரிச்சல்படாமல் ஒவ்வொரு விரலாகச் சுற்றிக் கட்டின நேர்ஸ் மிஸ்மாருக்கு என்ன கொடுத்தாலும் தகும். விரல்களைச் சேர்த்துக் கட்டினால் ஒட்டிப்போய்விடுமாம்.

தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். கையை விடத் தொடைதான் அவனுக்குக் கூட நொந்தது, அது வழமைதான் என்றார்கள். பிசியோ சேர் வந்தால் தம்பி நித்திரை போல நடிப்பான். சேர் விடமாட்டார், மடக்கு, நீட்டு, திரும்ப மடக்கு. இன்றைக்கு அவன் வலை பின்னுகிறான் என்றால் அந்த மனிதரால்தான். சாப்பாட்டையும் மருந்து மாதிரித்தான் பார்த்தார்கள், காயம் ஆறப் புரதம் நிறைய வேண்டும் என்று முட்டை முட்டையாகத் தீத்தச் சொன்னார்கள். ‘எரிகாயத்துக்கு முட்டை கூடாது, சீழ் வைக்கும்’ என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள்.

சரி, குறைகள். காகிதம் முழுக்கச் சிங்களம், தமிழ் தெரிந்த ஒரு அற்றெண்டன் அண்ணா இல்லாத நாளில் நாங்கள் ஊமைகள். உள்ளே போய்ப் பார்க்க விடுவதும் குறைவு, ஆனால் தொற்றுப் பயம் என்பதால் அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். உண்மையான குறை, வீட்டுக்கு அனுப்பின பிறகுதான். தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான அமுக்க உடை போட வேண்டும், குளிக்கிற நேரம் தவிர நாளைக்கு 23 மணித்தியாலம், ஒரு வருடம் வரைக்கும் போகலாம். திருகோணமலை வெயிலில் அதைப் போட்டுப் பாருங்கள்! கடியோ கடி. அளவு மாறினால் புதிது தைக்க வேண்டும், அதற்கும் கிளினிக்குக்கும் இரவு பஸ். வாட்டில் ஒரு சதம் கேட்கவில்லை, வெளியில் இந்த உடைக்கும் பஸ்ஸுக்கும் பூசுகிற கிறீமுக்கும்தான் எங்கள் காசு போனது. இதற்கு ஒரு கிளினிக்கை மாதத்தில் ஒருநாளாவது கிழக்கில் வைக்கலாமே.

போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் தருகிற காகிதத் துண்டுகளையெல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருங்கள், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள், முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு வாங்கி வையுங்கள், புதுத் தோலில் வெயில் படக்கூடாது.