72 சதவீதத்தில் முடிந்துபோன புத்தகம்

மின்னூல் படிக்கும் கருவியான என் ஈ-ரீடருக்குச் சென்னை ரிச்சி தெருவில் பேட்டரி மாற்றி வாங்கி வந்த வாரத்திலேயே நண்பர் ஒருவர் கேட்டார்: "ஈ-ரீடர் விலை இறங்கியிருக்காமே, வாங்கலாமா?" எந்த மாடல், எத்தனை ஜிபி என்பதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பல வருஷமாகக் கையில் வைத்திருப்பவன் என்ன சொல்கிறான் என்பதுதான் அவருக்கு வேண்டும். ஒரு வரியில் பதில் வரவில்லை.

நான் மெதுவாகப் படிக்கிற ஆள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடும் ஒழுக்கமும் கிடையாது. இப்போது கருவியில் திறந்து கிடப்பவை: உரையோடு குறுந்தொகை, முதல் உலகப் போர் பற்றி ஆங்கிலத்தில் தடித்த வரலாறு ஒன்று, எறும்புகளைப் பற்றி ஒன்று, பிறகு ஒரு துப்பறியும் நாவல். நாவலில் கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. அவன் பிடிபடும்போது பிடிபடட்டும், எனக்கு அவசரமில்லை.

அவசரமெல்லாம் கருவிக்குத்தான். திரையின் கீழே இடது மூலையில் 'இந்த அத்தியாயம் முடிய 14 நிமிடம்' என்று போடுகிறது. வலது மூலையில் சதவீதம். நாம் பக்கம் தள்ளும் வேகத்தை அளந்து அது போடுகிற கணக்கு இது. குக்கர் விசில் அடித்ததென்று எழுந்துபோய், வாசலில் கீரைக்காரம்மாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால் 14 நிமிடம் 40 ஆகியிருக்கும். முன்பு படித்த ஒரு பெயரைத் தேடிப் பத்துப் பக்கம் விறுவிறுவென்று பின்னால் போய் வந்தால், நான் திடீரென்று பெரும் படிப்பாளி ஆகிவிட்டதாக நினைத்து 6 நிமிடம் என்கிறது. இரண்டுமே பொய்.

குறுந்தொகையில் இந்தக் கணக்கு சுத்தமாக மானம் போகிறது. மொத்தம் 401 பாட்டு. நாலடிக்குக் குறையாது, ஒன்றிரண்டு தவிர எட்டடியைத் தாண்டாது. ஒரு பாட்டு திரையில் பாதியைக்கூட நிரப்பாது. பேசுவது தோழியா தலைவியா என்று பிடித்து, அந்த மரத்தையும் பறவையையும் ஏன் அங்கே வைத்தார்கள் என்று யோசித்து, உரைக்குப் போய், மறுபடி பாட்டுக்கு வந்தால் ஒரு சாயங்காலம் போய்விடும். கருவியைக் கேட்டால் அது அரை நிமிடச் சரக்கு.

போர் வரலாறு செய்தது வேறு வகை. 72 சதவீதம் என்று காட்டுகிறது, இன்னும் கால்வாசிக்கு மேல் இருக்கிறது, போர் இத்தோடு ஓயாது என்று தெம்பாகப் பக்கத்தைத் தள்ளினேன். வந்தது நன்றியுரை. மிச்சம் முழுக்க அடிக்குறிப்பு, நூற்பட்டியல், பெயர் அகராதி. கடைசி அத்தியாயத்தைக் கடைசி அத்தியாயம் என்று தெரியாமலே படித்து முடித்திருக்கிறேன். தாள் புத்தகமாக இருந்தால் வலது கையில் மிச்சமிருக்கும் கனத்தை விரலே சொல்லியிருக்கும். அடிக்குறிப்பு எங்கே தொடங்குகிறது என்று வாங்கிய அன்றே புரட்டிப் பார்த்திருப்பேன்.

இந்தக் கணக்கை அணைத்துவைக்கலாமே என்பீர்கள். அணைக்கலாம். அந்த இடது மூலையில் ஒரு தட்டு தட்டினால் மறையும், இன்னொரு தட்டில் திரும்பி வரும். இடது கையில் பிடித்துப் படுத்துக்கொண்டு படிப்பவனின் கட்டைவிரல் இருக்கும் இடமே அந்த மூலைதான்!

சரி, கோபத்தில் நல்லதை மறைக்கக் கூடாது. மின்தாள் என்கிற இதன் திரை அருமையான சங்கதி. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்னூட்டத்துக்கு மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். நான் படிக்கிற வேகத்துக்குப் பேட்டரி இறங்குவேனா என்கிறது. வெளிச்சமும் பின்னாலிருந்து கண்ணில் அடிப்பதில்லை, ஓரத்து விளக்குகளிலிருந்து திரையின் மேல் படர்கிறது. கரண்ட் போன ராத்திரியில் வீடே கொசுவை அடித்துக்கொண்டிருக்க, நான் பாட்டுக்கு எறும்பு படித்துக்கொண்டிருப்பேன். ஆங்கிலச் சொல் புரியாவிட்டால் விரலை வைத்தால் போதும், பொருள் வந்து நிற்கிறது. தலையணை மாதிரி தடித்த வரலாற்றையெல்லாம் நெஞ்சில் வைத்துப் படிக்கும் தைரியம் இது வந்த பிறகுதான் வந்தது.

தமிழுக்கு வந்தால் கொஞ்சம் பொறுமை தேவை. ஆறங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று சொல்தான் அடங்கும். 'கொண்டிருக்கிறார்கள்' போல ஒன்று வந்துவிட்டால் அது அடுத்த வரிக்குக் குதிக்க, மேல் வரியில் இரண்டு சொற்கள் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யும் அமைப்பை வைத்துக்கொண்டால் இந்த ஓட்டை தெரியாது. பழைய நூல்களைப் படம் பிடித்துப் போட்ட பிடிஎஃப் கோப்புகளை மட்டும் இதில் திறக்காதீர்கள், எழுத்து கடுகாகிவிடும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்கென்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தட்டச்சு செய்து யூனிகோடில் வைத்திருக்கும் பழைய இலக்கியங்கள் நம் இஷ்டத்துக்குப் பெரிதாகும், சிறிதாகும். கடையில் காசு கொடுத்து வாங்கிய சில தமிழ் மின்னூல்களைவிட அவை ஒழுங்காகத் தெரிகின்றன என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொன்னது: வேண்டாம். அவர் வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்துப் படிக்கிறவர். அவர் கையில் சதவீதம் காட்டும் கருவியைக் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார், புத்தகத்தைப் பார்க்க மாட்டார். அதே காசை எடுத்துக்கொண்டு சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகட்டும், பத்து சதவீதம் கழிவும் கிடைக்கும்.

"அப்போ உன்னோடதைப் பாதி விலைக்குக் கொடுத்துடேன்" என்றார். முடியாது என்றேன். பேட்டரி இப்போதுதான் மாற்றியிருக்கிறேன், குறுந்தொகை வேறு பாதியில் நிற்கிறது.