மந்தையில் பேசிப் பழகிய பிள்ளைகள்: ஓர் உள்ளகப் பயிற்சி குறித்த மதிப்புரை

மதுரை நகரில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம், கல்லூரி மாணவர்களுக்காகக் கோடை விடுமுறையில் ஆறு வார உள்ளகப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) ஒன்றை நடத்துகிறது. ஊருக்கான திட்டத்தை ஊராரோடு சேர்ந்து வகுப்பதும், அதைப் பலர் முன்னிலையில் அஞ்சாமல் எடுத்துரைப்பதும் அதன் இரண்டு பாடங்கள். அண்மையில் நடந்த பயிற்சியில் சேர்ந்த 14 பேரில் ஐந்து பேர் மேலூர் வட்டத்திலுள்ள எங்கள் ஊரில் நான்கு வாரம் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் என் தங்கை மகள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கண்மாய்ப் பாசனச் சங்கத்தின் கணக்கையும் பார்த்து வருகிறேன். எனவே கட்டணம் செலுத்திய குடும்பத்தின் பக்கமிருந்தும், பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட ஊரின் பக்கமிருந்தும் இப்பயிற்சியைப் பார்க்க எனக்கு வாய்த்தது. குறைகளை அந்நிறுவனத்தாரிடம் நேரிலேயே சொல்லிவிட்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதல் வாரம் நகரத்திலேயே நடந்தது. பேச்சு என்றாலே பட்டிமன்றம் நினைவுக்கு வரும் ஊர் மதுரை. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா அவர்களின் தலைமையில் நடந்த பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. ஆகவே மாணவர்கள் அடுக்குமொழியில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் வியப்பில்லை. ஒருவர் நீர் மேலாண்மை பற்றி ஏற்ற இறக்கத்தோடு பேசி முடித்தபோது பயிற்றுநர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சொன்னதில் எதையெல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்?" அரங்கில் பதில் இல்லை. அதன்பின் ஒரு விதி வகுக்கப்பட்டது. அன்று காலை வீட்டிலிருந்து அரங்குக்கு வரும் வழியில் கண்ட ஏதாவது ஒன்றைப் பற்றி மட்டும், தாளின்றி, ஒலிபெருக்கியின்றி, மூன்று நிமிடம் பேச வேண்டும். கேட்பவர்கள் கைதட்டவோ "நன்றாக இருந்தது" என்று சொல்லவோ கூடாது. தங்கள் மனத்தில் என்ன நின்றது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பேசியவர் உணர்த்த நினைத்தது அதில் இல்லையென்றால் மறுபடியும் எழுந்து பேச வேண்டும். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு, பேச்சுப் பயிற்சிக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் இருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

ஊருக்கு வந்தபோது அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. பள்ளிச் சுவரில் விழிப்புணர்வு ஓவியம் வரைவது என்று கல்லூரியிலேயே முடிவு செய்திருந்தார்கள். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடியிருந்த பெண்களில் ஒருவர், "கண்மாய்க்குத் தண்ணி வரமாட்டேங்குது, சுவத்துல படம் எதுக்கு தாயி?" என்று கேட்டார். பயிற்றுநர் பிள்ளைகளுக்காக வாதாடவில்லை. அன்று மாலையே அந்தத் திட்டத்தைக் கைவிடச் சொல்லி, கோலப்பொடியை எடுத்துக் கொடுத்து, ஊராரையே தரையில் ஊர்ப்படம் வரையச் செய்தார். பிரித்தானிய வளர்ச்சி ஆய்வாளர் இராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1990களில் உலகெங்கும் அறியச் செய்த பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு முறை இது. படத்தை வரையும் கை ஊராருடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆண்கள் வரைந்த படத்தில் கண்மாயும் மடைகளும் பெரிதாக இருந்தன. பெண்கள் வரைந்ததில் குடிநீர்க் குழாயும், நூறு நாள் வேலைக்கு நடக்கும் தொலைவும், விளக்கில்லாத தெருவும் வந்தன. இரண்டு படங்களிலும் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஒரே இடத்தில் அறுந்து நின்றது.

அடுத்த பத்து நாட்களை அந்த வரத்துக்காலுக்காகவே செலவிட்டார்கள். எங்கள் பகுதி பெரியாறு பாசனத்தில் ஒருபோகம், அதாவது ஆண்டுக்கு ஒரு சாகுபடி. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் இந்தப் பக்கம் வந்து சேரும்போது பருவம் பாதி கடந்திருக்கும். அதனால் மழைநீரைக் கண்மாயில் தேக்கினால்தான் பிழைப்பு. கண்மாய் நிரம்பாததற்கு மழைக்குறைவே காரணம் என்றுதான் நாங்களும் பேசிவந்தோம். பிள்ளைகள், காரணங்களை வேர்களாகக் காட்டும் பிரச்சினை மரம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு வேரிலும் "இது ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பிறகு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, வரத்துக்காலின் தரைமட்டத்தை இடத்துக்கு இடம் அளந்தார்கள். சாலைக்கடியில் பதித்திருக்கும் சிமெண்ட் குழாயின் அடிப்பாகம் கால்வாய்த் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. சீமைக்கருவேலமும் வண்டலும் அதை மறைத்திருந்தன. நாள்தோறும் அந்தச் சாலையில்தான் நாங்கள் நடக்கிறோம்.

இதன் பிறகு என் தங்கை மகள் பேசிய விதம் மாறியது. முதல் வாரத்தில் அவள் குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டவில்லை என்று அவளே சொன்னாள். மந்தையில் நூறு பேருக்கு முன்னால் அந்த ஒன்றரை அடியை விளக்கியபோது, தூரத்தில் வேப்பமரத்தடியில் இருந்த பெரியவர்கள்கூட எழுந்து வந்து குறுக்குக் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னாள். நிற்கும் முறை, மூச்சை அடக்கி விடும் முறை, கடைசி வரிசையில் ஒருவரைப் பார்த்துப் பேசும் முறை ஆகியவற்றையும் பயிற்சியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். அவை உதவின என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குத் துணிவைத் தந்தது, தன் கையால் அளந்த அளவு.

மொழி பற்றி எனக்கு முதலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் தம் வீட்டுப் பேச்சிலேயே உரையாற்றினார், பயிற்றுநர் திருத்தவில்லை. மேடைத்தமிழ் வேண்டாமா என்று கேட்டேன். ஊராரிடம் ஊர்ப்பேச்சில் பேசலாம், ஆனால் மனுவாக எழுதும்போது பிழையற்ற எழுத்துத்தமிழ் வேண்டும், இரண்டையும் தனித்தனியே பழக்குகிறோம் என்றார். அந்த வரத்துக்கால் பற்றி அவர்கள் எழுதிய மனுவைப் படித்தபின் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டேன்.

மே 1 கிராம சபைக்கு அந்த மனு போனது. அந்த ஊராட்சியின் வாக்காளர்களே கிராம சபையின் உறுப்பினர்கள் என்பதால், வெளியூர்ப் பிள்ளைகள் தீர்மானத்தைக் கொண்டுவர இயலாது. எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அவர்கள் ஒரு வாரம் பேச்சுப் பயிற்சி கொடுத்து, தாங்கள் கற்றதையெல்லாம் அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓரமாக அமர்ந்திருந்தார்கள். பயிற்சியின் உச்சம் என்று நான் கருதுவது இதையே. அரிட்டாபட்டி வட்டாரத்து டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக 2024 இறுதியில் எங்கள் பக்கத்துக் கிராம சபைகள் நிறைவேற்றிய தீர்மானங்களும், மக்கள் போராட்டமும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் எங்களுக்கு மறக்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் எழுந்து தெளிவாகப் பேசுவதற்கு எத்தனை மதிப்பு என்பதை மேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. செலவுத் திட்டம் தயாரிப்பதற்கு இரண்டு மணி நேர வகுப்பு ஒன்றுதான் நடந்தது. ஆள்கூலி, இயந்திர வாடகை, சிமெண்ட் விலை ஆகியவற்றைப் பிள்ளைகள் உத்தேசமாகவே போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கை நானும் ஊராட்சிச் செயலரும் உட்கார்ந்து திருத்தினோம். திட்டமிடல் என்று பெயர் வைத்துவிட்டுப் பணக்கணக்கை இப்படிக் கடந்துபோவது பெரிய பிழை. அடுத்தது, இறுதி அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டது. தகவல் தந்த ஊருக்குத் தமிழில் ஒரு படி தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் மூன்று முறை கேட்ட பிறகே 11 பக்கம் வந்தது. மாணவியர் முதல் இரண்டு இரவு கழிப்பறை வசதி சரியில்லாத பள்ளி வகுப்பறையில் தங்க நேர்ந்ததும் தவிர்த்திருக்க வேண்டியது. பின்னர் வீடுகளில் இடம் ஏற்பாடாயிற்று.

உணவுக்கும் பயணத்துக்கும் சேர்த்து வாங்கிய 4,500 ரூபாய் நியாயமானது. சான்றிதழுக்காக மட்டும் சேர எண்ணுபவர்களுக்கு இந்த வெயிலும் நடையும் தாங்காது. சேர்க்க எண்ணும் பெற்றோர், பிள்ளை எத்தனை நாள் ஊரில் தங்குவார், அந்த ஊருக்குப் பின்னர் யார் திரும்பி வருவார் என்ற இரண்டையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு இந்நிறுவனத்திடம் நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை. சித்திரை வெயிலில் வறண்ட வரத்துக்காலை அளந்தவர்கள், அதில் நீர் ஓடும் ஐப்பசியில் வந்து பார்க்க வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஐவரில் இருவர் தங்கள் செலவிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மட்டம் பார்க்கும் குழாயைக் கொத்தனாரிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று.