பட்டம், வட்டம், கட்டம்: வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்கான பாட்டுப் படப் புத்தகங்கள்

நெல்லையில் நடக்கும் பொருநை புத்தகத் திருவிழாவிலும் பாளையங்கோட்டைக் கடைகளிலும் குழந்தைப் பாட்டுப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. பாடிக் காட்ட எல்லாமே நல்லவைதான். ஆனால் அஞ்சு வயதுப் பிள்ளை அதை வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக வேண்டுமென்றால், பலவும் கைகொடுப்பதில்லை. ஓசை எந்த இடத்தில் ஒத்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

சில புத்தகங்களில் வரிகள் 'வந்தது, போனது, தின்றது' என்றே முடிகின்றன. ஒத்து வருவது வினைமுற்றின் விகுதி மட்டும். பிள்ளை படத்தைப் பார்த்து, கடைசியில் 'து' சேர்த்துச் சொல்லிவிடும். எழுத்தைப் பார்க்கும் தேவையே வராது. சொற்களின் இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகைப் பாட்டு அப்படியல்ல. பட்டம், வட்டம், கட்டம், சட்டம்: ட், ட, ம் மூன்றும் அப்படியே நிற்க, முதல் எழுத்து மட்டும் மாறுகிறது. ஒன்றை வாசித்துவிட்டால் மற்றவற்றைப் பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்ளும். எதுகை வரியின் தொடக்கத்தில் வருவதால், விரல் வைத்த இடத்திலேயே கண்ணும் விழும். வாங்குமுன் நடுப்பக்கத்தைத் திறந்து முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது எழுத்துகள். முதல் புத்தகத்துக்கு அகர உயிர்மெய்யும் புள்ளி எழுத்தும் போதும்: மரம், படம், பட்டம். அதன்பின் துணைக்கால் (கா), மேல்விலங்கு (கி). உகர வரிசை கடினம். கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். கெ, கே இன்னும் சிக்கல். கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. முதல் பக்கத்திலேயே 'கொழுக்கட்டை' இருக்கும் புத்தகம் மடியில் வைத்து வாசித்துக் காட்ட நல்லது. பிள்ளை கையில் கொடுக்க இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

படத்தின் மேலேயே எழுத்தை அச்சிட்டிருந்தாலும், ஒரு சொல்லை உடைத்து அடுத்த வரியில் போட்டிருந்தாலும் வேண்டாம். பரணில் கிடக்கும் பழைய புத்தகங்களிலும் கவனம் தேவை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, றா, னா போன்றவை வேறு வடிவில் இருக்கும்.

நம் நெல்லைப் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இங்கே பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றுதான். 'பழம்', 'குளம்' இரண்டையும் ஓசைக்காகச் சேர்த்த பாட்டைக் கேட்ட பிள்ளை 'பளம்' என்றே எழுதும். பழம், கிழம் ஒரு பக்கம், குளம், களம் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்த புத்தகமே நெல்லைக்குத் தோது.

வாசிக்கும் முறையும் முக்கியம். முதல் இரண்டு தடவை விரலை ஓட்டிப் பெரியவர் வாசிக்கட்டும். மூன்றாம் தடவை எதுகைச் சொல்லுக்கு முன் நிறுத்தினால் பிள்ளை சொல்லும். நாலாம் தடவை படத்தைக் கையால் மறையுங்கள். பிறகு அந்தச் சொற்களைத் துண்டுத் தாளில் எழுதி, வரிசை மாற்றிக் காட்டுங்கள். பாட்டில் சரளமாக வந்த சொல் தாளில் வரவில்லையென்றால் அது மனப்பாடம். திட்ட வேண்டாம், ஒரு படி பின்னால் போனால் போதும்.

காசு தட்டுப்பாடென்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்; தரவிறக்கி அச்செடுக்கலாம். பாட்டாக உள்ளவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும். முதல் வாசிப்பு நிலையிலிருந்து தொடங்குங்கள்.

புத்தகத்தில் நம்மூர்ப் பேச்சு இல்லையே என்று தள்ளிவிட வேண்டாம். 'சங்கு, பங்கு, நுங்கு' என்றிருக்கும் பக்கத்தில் 'நொங்கு' என்று சொல்லும் பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்கிறது. 'பாட்டி' என்று அச்சிட்ட இடத்தில் 'ஆச்சி' என்பதும் அப்படித்தான். என்றைக்கு அதே பிள்ளை ஒரு நொடி நின்று, 'நு... ங்... கு' என்று கூட்டுகிறதோ, அன்றைக்கு அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள்.